எப்பவும்போல ஓடட்டும்

எங்கள் வீடு ஏழாவது மாடிக்கும் மேலே இருந்தது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் லிஃப்ட் மோட்டார் அறைக்கும் நடுவே இரண்டு அறைகள். கட்டியவர்கள் தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கத்தான் கட்டியிருப்பார்கள். அதில் நாங்கள் குடும்பம் நடத்தினோம், பிள்ளை பெற்றோம், அவளைப் பத்தாம் வகுப்பு வரைக்கும் கொண்டுவந்தோம். கீழே ஏழு மாடியும் ஆபீஸ். சாயங்காலமானால் எல்லாரும் கீழே இறங்கி வீட்டுக்குப் போவார்கள், நாங்கள் மேலே ஏறிப் போவோம். "ஊருக்கே தலைமேல குடியிருக்கோம், ஒருத்தனாவது மதிக்கிறானா பாரு" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்தக் கட்டடத்துக்கு எல்லாம் அவர்தான். லைட் எரியவில்லை என்றாலும் அவர், குழாய் ஒழுகினாலும் அவர், லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டாலும் அவர். ஆபீஸ்காரர்கள் அவருக்கு ஃபியூஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஃபியூஸ் அண்ணே என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். நான் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டார். எனக்கு இரண்டு, மூன்று, நாலாம் மாடிகளைக் கூட்டித் துடைக்கிற வேலை.

கட்டடம் இப்போதைய சின்ன முதலாளியின் அப்பா காலத்தது. கரண்ட் மலிவாகக் கிடைத்த நாளில் கரண்டைத் தின்பதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும். ஜன்னல்கள் எல்லாம் ஒட்டிவைத்த கண்ணாடி, ஒன்றைக்கூடத் திறக்க முடியாது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே லைட் போட்டால்தான் பக்கத்து மேஜைக்காரர் முகம் தெரியும். ஏழு மாடிக்கும் சேர்த்து அடித்தளத்தில் ஒரே ஏசி கம்ப்ரஸர், ஒரு சின்ன லாரி அளவுக்கு. ஓடினால் முழுசாக ஓடும், நின்றால் முழுசாக நிற்கும், நடுவாந்திரம் என்பதே அதற்குத் தெரியாது. நாலாம் மாடியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஆறாம் மாடியில் பேப்பரால் விசிறிக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் கம்ப்ரஸரைப் 'பெரியவர்' என்பார். "பெரியவருக்கு இன்னைக்கு இருமல்." "பெரியவர் சூடா இருக்கார், யாரும் பேச்சுக் குடுக்காதீங்க." என்னை அவர் இந்த அளவுக்கு நலம் விசாரித்ததில்லை.

சின்ன முதலாளி ஒரு நாள் சாயங்காலம் எங்கள் மாடிக்கே ஏறி வந்தார். சின்னப் பிள்ளையில் அவரை என் வீட்டுக்காரர் லிஃப்டில் வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறார். அந்தப் பாசத்தில் இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கையில் சுருட்டிய வரைபடம்.

"அண்ணே, எல்லாரும் இடிச்சிடுங்கறாங்க. எனக்கு மனசு வரல. இவ்வளவு சிமெண்டையும் கம்பியையும் இடிச்சுக் கொட்டிட்டு, மறுபடி சிமெண்டும் கம்பியும் வாங்கி அதே இடத்துல நிக்க வைக்கிறதுல என்ன இருக்கு? கட்டடம் அப்படியே இருக்கட்டும். தொறக்கிற ஜன்னல் வைப்போம், வெளியில வெயில் மறைப்பு போடுவோம், மாடிக்கு மாடி சின்ன ஏசி. மேல சோலார். மழைத் தண்ணி எல்லாம் தொட்டிக்கு வந்துடும்."

"எங்க வீடு?" என்று நான் கேட்டேன். எனக்கு அதுதானே முக்கியம்.

வரைபடத்தை விரித்து விரலை வைத்துக் காட்டினார். சோலார் தகடுகளுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம். "இதோ இருக்கே. கூரையெல்லாம் மாத்தித் தரேன். நீங்க எங்கயும் போக வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் கையில் அவ்வளவு பணம் இல்லை. இப்படிப் பழைய கட்டடத்தைப் பசுமையாக மாற்றுகிறவர்களுக்கு ஒரு வங்கி குறைந்த வட்டியில் கடன் தருகிறது. இப்போது ஆகிற கரண்டையும் தண்ணீரையும் பாதியாகக் குறைத்துக் காட்ட வேண்டும், அதுதான் நிபந்தனை. கடன் கிடைக்காவிட்டால், கட்டடத்தை வாங்கி இடித்துப் புதிதாகக் கட்ட ஒரு ஆள் காத்திருக்கிறார். "கெடச்சா நீங்க இங்கயே. கெடைக்கலன்னா என் கையில ஒண்ணுமில்லண்ணே."

"கெடைக்கும் தம்பி. நம்ம கட்டடத்துக்குக் கெடைக்காம யாருக்குக் கெடைக்கும்?" என்றார் இவர். ஏதோ மகளுக்கு மார்க் வரப்போகிற மாதிரி.

அடுத்த வாரம் அளவெடுக்கிற இன்ஜினியர் வந்தாள். சின்னப் பெண், முதுகில் பை, காலில் கனமான ஷூ. நாங்கள் மீட்டர் பொண்ணு என்றோம். கரண்ட் பில்லைப் பார்த்தாலே தெரிந்துவிடாதா என்று கேட்டதற்கு, பக்கத்து அச்சாபீஸும் இதே இணைப்பில்தான் ஓடுகிறது, பில்லில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது என்றாள். அதனால் ஒவ்வொரு மாடியிலும் ஒரு சின்னப் பெட்டி மாட்டினாள், அடித்தளத்தில் பெரியவருக்குத் தனியாக ஒன்று, தண்ணீர்க் குழாயில் ஒன்று. ஒரு மாதம் ஓடவிட்டுப் பார்த்துக் கணக்கெடுப்பாளாம்.

"நான் என்ன செய்யணும்மா?" என்றார் இவர்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்ண்ணா. எப்பவும்போல ஓடட்டும்."

அவள் எப்பவும்போல என்று சொன்னாள். இவர் காதில் பரீட்சை என்று விழுந்தது. வாழ்நாள் முழுக்கத் தீயணைப்பு ஆபீஸர், லிஃப்ட் ஆபீஸர் என்று யாராவது சோதனைக்கு வந்துகொண்டே இருந்த மனிதர். யாராவது அளவெடுக்க வந்தால் கட்டடம் பளிச்சென்று நிற்க வேண்டும். அது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. நானும்தான் சேர்ந்து ஆடினேன். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டாமலா இருப்போம்?

வருஷக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினார். நிரம்பி வழிகிற தொட்டியின் மிதவையைச் சரிசெய்தார். வராந்தா விளக்குகளில் ஒன்று விட்டு ஒன்றைக் கழற்றினார். மதியச் சாப்பாட்டுக்கு ஆபீஸ்காரர்கள் எழுந்ததும் நான் மாடி மாடியாகப் போய் லைட்டை அணைப்பேன். பெரியவரின் வடிகட்டிகளை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்தார், அவ்வளவு அழுக்கை நான் எங்கும் பார்த்ததில்லை. மூன்று மணிக்கே ஏசியை நிறுத்திவிட்டு, "வேலை நடக்குதுங்க" என்று சொல்லிவிடுவார். இரண்டாம் மாடிக் கணக்கர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு, "ஃபியூஸு, நாங்க இங்க உயிரோட இருக்கோம், ஞாபகம் இருக்கா?" என்று கத்துவார். இவர் சிரிப்பார். எங்கள் வீட்டில் அந்த மாதம் சிமினி விளக்கு வெளிச்சம் அளவுக்கு ஒரு பல்பு. மகள் படிக்கப் படிக்கட்டு விளக்குக்குப் போவாள், அதையும் இவர் போய் அணைத்துவிட்டு வருவார்.

எனக்கு அந்த மாதம் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை நாளாகிறது என்று நினைத்துக்கொண்டேன். புதுக் கூரைக்கு என்ன நிறம் அடிப்பது என்றுகூடப் பேசினோம்.

மாதம் முடிந்து மீட்டர் பொண்ணு கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல் படியில் உட்கார்ந்தாள். பார்த்தாள், திரும்பப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"எப்படிம்மா? நல்லா வந்திருக்கா?" இவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ரொம்ப நல்லா வந்திருக்குண்ணா. அதான் பிரச்சனை." அவள் என்னைப் பார்த்தாள். இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. "இந்த மாதிரி கட்டடம் எவ்வளவு இழுக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. இது அதுல பாதிதான் இழுத்திருக்கு. இதுக்கு மேல பாதியா எங்க குறைக்கிறது? ஒல்லியா இருக்கிறவங்களப் போயி இளைக்கச் சொன்னா எப்படி?"

"நாங்கதான் கொஞ்சம் பாத்து ஓட்டினோம்" என்றார் இவர். இன்னும் பெருமை போகவில்லை குரலில்.

"அய்யோ அண்ணா. எப்பவும்போலன்னு சொன்னேனே."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஊதினது அவர் மட்டுமில்லை, பக்கத்தில் நின்று தாளம் போட்டவள் நான்.

அந்தப் பெண் நல்லவள். சின்ன முதலாளியிடம் பேசினாள், வங்கியிடமும் பேசினாள். வாங்க வந்த ஆளை இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அளந்துகொள்ளலாம் என்று முடிவானது. "இதுதான் கடைசிண்ணா. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். முன்னாடி எப்படி ஓடிச்சோ அப்படியே ஓடணும்" என்று அவரிடம் சொன்னாள். என்னிடம் தனியாக, "நீங்க பாத்துக்கோங்கக்கா" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டேன். கழற்றிய பல்புகளைத் திரும்ப மாட்டினேன். மதியம் யாரும் இல்லாத மேஜைகளுக்கு மேல் வரிசை வரிசையாக லைட் எரிந்தது, முன்பு எரிந்த மாதிரியே. குழாய்தான் பெரிய பாடு. சரிசெய்த குழாயை எப்படித் திரும்ப ஒழுகவிடுவது? "பழைய வாஷர மாட்டுங்க" என்றேன்.

"தூக்கிப் போட்டுட்டேன்."

"அப்ப லூசாக்குங்க."

"நல்லா இருக்கிறத எதுக்கு லூசாக்கணும்? இது பொய்க் கணக்கில்ல?"

"போன மாசம் நீங்க காட்டினது மட்டும் மெய்க் கணக்கா? ஸ்பானரக் குடுங்க."

கொடுத்தார். எது எந்த அளவுக்கு ஒழுகியது என்று கூட்டித் துடைக்கிற எனக்குத் தெரியாதா? ஒவ்வொன்றையும் பழையபடி சொட்டவிட்டேன். அவர் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ அவர் பிள்ளையை அடிக்கிறதுபோல. ஒரு சொட்டு விழும்போதெல்லாம் அவர் கை தானாக உயர்ந்து இறங்கும். வராந்தாவில் நடக்கும்போது அந்தக் கை சுவிட்சுப் பக்கம் போகும், நான் பல்லைக் கடித்தால் திரும்பி வரும். "கையக் கட்டிக்கிட்டு நடங்க" என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நாள் உண்மையாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடந்தார், ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி. ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். "ஃபியூஸுக்குப் பதவி உயர்வா?"

பெரியவரைத்தான் நான் அவரிடம் விட்டேன். அந்த அடித்தளத்துச் சத்தமும் எண்ணெய் வாடையும் எனக்கு ஆகாது. அதோடு, அது முன்பு எப்படி ஓடியது என்று அவருக்குத்தான் தெரியும். காலையில் ஆபீஸ் திறக்கும்போது போட்டு, சாயங்காலம் கடைசி ஆள் போகும்வரை நிறுத்தாமல் ஓடவேண்டும். எங்கள் அறைக்கு வெளியே அடித்தளத்திலிருந்து வரும் தகரக் காற்றுக்குழாயின் வாய் இருந்தது. காற்று ஓடுகிற இரைச்சல் நாள் முழுக்க அதில் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்கிறது, ஓடுகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் வேர்த்து வழிந்தது. யாருக்கும் புழுக்கம் இல்லை, யாரும் கத்தவில்லை. இரண்டாம் மாடிக் கணக்கர்கூட மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தேன். மகள், "இந்தத் தடவையாவது பாஸாயிடுவோமாம்மா?" என்றாள். "வாயக் கழுவு" என்றேன்.

மாதக் கடைசியில் மீட்டர் பொண்ணு வந்தாள். அவள் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது இவர் அங்கே இல்லை. தொட்டிக்குப் பின்னால் ஏதோ வேலை என்று போய்விட்டார்.

"லைட்டெல்லாம் சரியா வந்திருக்குக்கா. தண்ணியும் சரி." அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். மலைமலையாக ஒரு கோடு. "இது கம்ப்ரஸர். பாருங்க, காலையில ஏறுது. பதினொண்ணுக்கு விழுந்துடுது. அப்புறம் எப்பவோ ஒரு தடவ கொஞ்சம் ஏறி விழுது. தினமும் இதே கதை. இந்தக் கட்டடத்துல பெரிய செலவே இதுதான்க்கா. இது ஓடலன்னா மத்தது என்ன ஓடியும் பிரயோசனமில்ல."

"சத்தம் கேட்டுதேம்மா."

"அது காத்து தள்ற ஃபேன். கம்ப்ரஸர நிறுத்திட்டு ஃபேன மட்டும் ஓட விட்டிருக்காங்க."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழி உடையவில்லை, ஒருத்தர் உட்கார்ந்து தினமும் உடைத்திருக்கிறார். நான் தொட்டிக்குப் பின்னால் போனேன். அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வேலையும் இல்லை.

"ஏன்?" என்றேன்.

"பேரிங் தேஞ்சுபோச்சுடி. முழு நாள் ஓடினா கைய வைக்க முடியல, அப்படிக் கொதிக்குது. ஒரு சத்தம் போடுது பாரு... கொஞ்ச நேரம் மூச்சு விடட்டும்னுதான் மொதல்ல நிறுத்தினேன்."

"மொதல்ல. அப்புறம்?"

"அப்புறம் போட மனசு வரல. வெளிய மழை. யாருக்கும் தேவையுமில்ல. தேவையில்லாம ஒரு உயிரப் போட்டு..."

"உயிரா? அது இரும்புங்க! கடன் வந்திருந்தா அதக் கழட்டித் தூரத்தானே போட்டிருப்பாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது அவருக்குத் தெரியும். கடன் வந்தாலும் போகும், வராவிட்டாலும் போகும் என்று தெரிந்துதான் அதை எரியவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என் கையால ஆக வேண்டாம்னு நெனச்சேன்" என்றார்.

"உங்க கையால வீடு போச்சுன்னா பரவால்லையா? மக எங்க உக்காந்து படிப்பா? நீங்க இந்த வயசுல எங்க போயி யாருக்கு ஃபியூஸ் போடுவீங்க? மெஷினுக்கு மூச்சு வாங்குது, தெரியுது உங்களுக்கு. நான் அந்த மாசம் பூரா ஏழு மாடி ஏறி எறங்கினேனே, எனக்கு வாங்கினது தெரிஞ்சுதா?"

வாசல் படியில் மீட்டர் பொண்ணு கம்ப்யூட்டரை மூடிவிட்டு உட்கார்ந்திருந்தாள். போய்வருகிறேன் என்று சொல்லவும் முடியாமல், இருக்கவும் முடியாமல். கடைசியில் என் கையைப் பிடித்து, "சாரிக்கா" என்றாள். அவள் எதற்கு சாரி சொல்ல வேண்டும்?

சின்ன முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். "பரவால்லண்ணே, விடுங்க" என்றார், இவர் தோளைத் தட்டினார், காத்திருந்த ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். புதிதாக வரப்போகிற கட்டடமும் பசுமைக் கட்டடம்தானாம். எல்லாம் தானாக எரியும், தானாக அணையும், ஆளே தேவையில்லையாம். அதை எங்களுக்கு நல்ல செய்திபோலச் சொன்னார்.

ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்தன. இரண்டாம் மாடிக் கணக்கர் போகும்போது இவரிடம் வந்து, "உன்னால நான் வேர்த்தே செத்திருப்பேன்" என்று சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எங்களுக்குப் போக ஒரே இடம்தான், என் தம்பி வீடு. போனில் தம்பி பெண்டாட்டி, "வாங்க அண்ணி, அதுக்கென்ன" என்றாள். அந்த 'அதுக்கென்ன' எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியும். மகளையும் புத்தகங்களையும் முதலில் கொண்டுபோய் விட்டோம். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு பாய் விரித்தார்கள். நாங்கள் கிளம்பும்போது அவள் எங்களைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகம் தலைகீழாகக்கூட இல்லை, சரியாகத்தான் இருந்தது, ஆனால் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸில் இவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார்.

மிச்சச் சாமானைக் கட்ட நாங்கள் திரும்பி வந்த அன்று பழைய இரும்பு எடுக்கிற ஆட்கள் அடித்தளத்தில் இறங்கியிருந்தார்கள். பெரியவரை முழுசாக வெளியே எடுக்க வழியில்லை. அதை வைத்துவிட்டுத்தான் அந்தக் காலத்தில் சுவரையே எழுப்பியிருக்கிறார்கள். அதனால் உள்ளேயே உடைத்துத் துண்டுதுண்டாகக் கொண்டுபோக வேண்டும் என்று சம்மட்டிகளைக் கொண்டுவந்திருந்தார்கள்.

நான் பாத்திரங்களைப் பழைய போர்வையில் அடுக்கிக்கொண்டிருந்தேன், அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முதல் அடி காற்றுக்குழாய் வழியாக நேராக எங்கள் அறைக்குள் வந்தது. பக்கத்தில் நின்று அடித்த மாதிரி. அவர் கை நின்றுவிட்டது. இரண்டாவது அடி. மூன்றாவது.

"கதவச் சாத்தேன்" என்றார்.

நான் சாத்தவில்லை. எழுந்து போய்ச் சாத்துவதற்கு அவருக்கும் காலில்லாமல் இல்லை. ஆனால் அவரும் எழவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. வார்ப்பிரும்பு விண்டு விழுகிற சத்தம் வந்தபோது அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. கட்டடம் போகிறது என்று தெரிந்த அன்றைக்கு அழவில்லை. மகளைத் தம்பி வீட்டுக் கூடத்தில் விட்டுவிட்டு வந்தோமே, அன்றைக்கும் அழவில்லை. இதற்கு அழுதார், சின்னப் பிள்ளைபோல விக்கி விக்கி. பக்கத்தில் போய் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மனசு வரவில்லை. அவர் கையிலிருந்த போர்வை நுனியை வாங்கி மீதி முடிச்சை நானே போட்டேன்.